மூச்சுப் பிடிப்பு: அரிவாள் செல் நோயாளியின் நுரையீரல் 46 மணி நேரத்தில் மாறிய விதம்

27 வயது ஆண். எடை 54 கிலோ. சொந்த ஊர் நீலகிரி மாவட்டம், கூடலூர் வட்டாரம். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சாரம் கட்டும் வேலை. இரவு வேலையில் மழையில் நனைந்தவர், ஈர உடையோடே விடியும்வரை வேலை பார்த்திருக்கிறார். குடித்த தண்ணீர் ஒரு பாட்டில்தான். காலையில் தங்கும் விடுதிக்குத் திரும்பியபோது இடுப்பிலும் இரு தொடைகளிலும் தாங்க முடியாத வலி. அவசர சிகிச்சைப் பிரிவில் அவர் சொன்னது: "எலும்புக்குள்ள குடையுது சார். விலாவுல மூச்சு பிடிச்சுக்கிச்சு."

உடன் வந்தவர் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது பின்பாதி 'தசைப் பிடிப்பு' ஆகிவிட்டது. கோப்பிலும் அப்படியே ஏறியது: பாரம் தூக்கியதால் முதுகுச் சுளுக்கு, விலாவில் தசைப் பிடிப்பு. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் மூச்சுப் பிடிப்பு என்றால் தைலம் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, இரண்டு நாளில் சரியாகிவிடும் விஷயம். ஆனால் அரிவாள் செல் நோய், அதாவது சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து ரத்தக் குழாயை அடைக்கும் பரம்பரை நோய், உள்ளவரின் விலாவில் மூச்சு பிடிக்கிறது என்றால், விலா எலும்புக்குள் ரத்த ஓட்டம் தடைபட்டு எலும்புத் துண்டு ஒன்று செத்துக்கொண்டிருக்கலாம். வலிக்குப் பயந்து அவர் ஆழமாக மூச்சை இழுக்கமாட்டார். அடுத்த இரண்டு மூன்று நாளில் நுரையீரலில் என்ன நடக்கும் என்பதை அந்த ஒரு சொல்லே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

இது பயிற்சிக்காகத் தொகுக்கப்பட்ட நிகழ்வு. தனி ஒருவரின் மருத்துவக் கோப்பு அன்று. இதில் வரும் அளவுகளும் முடிவுகளும் இந்த நோயில் வழக்கமாகக் காணும் போக்கை ஒட்டியவை. இதில் காட்டும் தவறுகள் எந்த வார்டிலும் நடக்கக்கூடியவை.

முதல் மணி நேரங்கள்

வெப்பநிலை 37.4 டிகிரி. நாடித் துடிப்பு 108. ரத்த அழுத்தம் 124/70. மூச்சு வேகம் நிமிடத்துக்கு 20. வெறும் காற்றில் ஆக்சிஜன் செறிவு 96 விழுக்காடு. கண்வெள்ளை லேசாக மஞ்சள். இடது விலாவுக்கடியில் மண்ணீரல் இரண்டு விரல் அளவு தட்டுப்பட்டது. நெஞ்சு எக்ஸ்ரே தெளிவு.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1 கிராம், வெள்ளணுக்கள் 14,800, தட்டணுக்கள் 2,42,000. சிவப்பணுவின் சராசரி அளவு 71 ஃபெம்டோலிட்டர். வழக்கமான அளவு 80க்கு மேல். மஞ்சள் நிறமியான பிலிருபின் 58 மைக்ரோமோல், அணுச் சிதைவைக் காட்டும் எல்.டி.எச். 640, புதிதாக உருவான சிவப்பணுக்களான ரெட்டிக்குலோசைட் 9 விழுக்காடு.

சிறிய சிவப்பணுக்களைப் பார்த்ததும் முதலில் எழுதப்பட்ட பெயர் தலசீமியா, அதாவது ஹீமோகுளோபின் போதுமான அளவு உருவாகாத பரம்பரைக் கோளாறு. சிங்கப்பூரில் பணிபுரிபவருக்கு அது இயல்பான முதல் எண்ணம்தான். ஆல்ஃபா தலசீமியா, பீட்டா தலசீமியா, ஹீமோகுளோபின் ஈ மூன்றையும் இங்கே அன்றாடம் பார்க்கிறோம். ஆனால் தலசீமியா மரபணுவைச் சுமப்பவருக்கு எலும்புக்குள் குடையாது. ரெட்டிக்குலோசைட் 9 விழுக்காட்டுக்கு உயராது. கண் மஞ்சளாகவும் ஆகாது. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தபோது அரிவாள் வடிவ அணுக்கள், குறிப்பலகை போன்ற அணுக்கள், உட்கரு உள்ள சிவப்பணுக்கள், ஆங்காங்கே, மண்ணீரல் வழக்கமாக அகற்றிவிடும் ஹோவெல்-ஜாலி துகள்கள். கடைசியாகச் சொன்னது, தொட்டால் தட்டுப்படும் அந்த மண்ணீரல் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பதற்கு அடையாளம்.

பிறகு தமிழ் தெரிந்த தாதி ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியதில் மீதிக் கதை வந்தது. சிறுவயதில் கையும் காலும் வீங்கி வலித்திருக்கிறது. மழைக்காலம் வந்தால் மூட்டுவலி. "ரத்தம் கம்மி, காமாலை உடம்பு" என்று ஊரில் சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தங்கை ஆறு வயதில் காய்ச்சலில் இறந்துவிட்டாள். ரத்தம் ஏற்றிக்கொண்டதே இல்லை. வேலை அனுமதிக்கான மருத்துவச் சோதனை காசநோய், எச்.ஐ.வி., சிஃபிலிஸ், மலேரியா போன்றவற்றுக்கானது. ஹீமோகுளோபின் வகை அதில் பார்க்கப்படுவதில்லை. அதனால் சிங்கப்பூருக்கு வந்து மூன்று ஆண்டு ஆகியும் நோய்க்குப் பெயர் இல்லாமலே இருந்திருக்கிறது.

இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதன்முதலில் பதிவானதே நீலகிரியில்தான்: 1952இல், லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்களால். ஒடிசா, சத்தீஸ்கர், மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் என்று நடு இந்தியா நெடுக இது உண்டு. தமிழ்நாட்டில் நீலகிரியும், கேரளத்தில் வயநாடும், அட்டப்பாடியும் சொல்ல வேண்டியவை. ஆகவே கறுப்பினத்தவருக்கு மட்டும் வரும் நோய் என்ற நினைப்பை இங்குள்ள இளம் மருத்துவர்கள் விட்டுவிட வேண்டும். தமிழ்த் தொழிலாளியிடம் எந்த மாநிலம் என்று கேட்டால் போதாது. எந்த மாவட்டம், எந்த மலை என்று கேட்க வேண்டும்.

ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. சோதனையின் முடிவு: அரிவாள் வகையான ஹீமோகுளோபின் எஸ் 74 விழுக்காடு, கருவில் இருக்கும் வகையான எஃப் 19, ஏ2 2.6, பெரியவர்களின் வழக்கமான வகையான ஏ இல்லை. ஏ இல்லாததால் இவர் வெறும் மரபணுச் சுமப்பாளர் அல்லர். எஸ்ஸுடன் பீட்டா தலசீமியா சேர்ந்திருந்தால் ஏ2 பொதுவாக 3.5க்கு மேல் போயிருக்கும். ஆக, இரண்டு பிரதியும் எஸ், கூடவே ஆல்ஃபா தலசீமியா. மரபணுச் சோதனை பின்னர் அதையே உறுதி செய்தது: இரு பக்கமும் 3.7 ஆல்ஃபா நீக்கம், அதாவது இரு பிரதியிலும் ஆல்ஃபா மரபணுவின் ஒரு பகுதி இல்லை. கரைதிறன் சோதனையை மட்டும் செய்து நிறுத்தியிருந்தால் இந்த வேறுபாடு தெரிந்திருக்காது. அது 'எஸ் இருக்கிறது' என்று சொல்லும். சுமப்பாளரா, நோயாளியா என்று சொல்லாது.

எஃப் 19 விழுக்காடு என்பது அரபு-இந்திய மரபணு வகையின் அடையாளம். இவ்வகை நோயாளிகளுக்கு ரத்தசோகை மிதமாக இருக்கும். மண்ணீரல் நெடுநாள் நிலைத்திருக்கும். அதை வைத்து 'இந்திய வகை லேசானது' என்று சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு. ஹீமோகுளோபின் 9.1 என்பதைப் பார்த்து இவரை வார்டில் சன்னல் ஓரக் கட்டிலில் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வலி நெருக்கடியிலும், அதாவது வளைந்த அணுக்கள் குழாயை அடைப்பதால் வரும் கடும் வலியிலும், நெஞ்சகச் சிக்கலிலும் இந்த வகைக்கு விலக்கு கிடையாது.

முதல் இரண்டு நாள்

மூன்று விஷயங்கள் பிசகின. எதுவுமே அலட்சியத்தால் நடந்ததில்லை. ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் நியாயமாகத் தோன்றியதுதான்.

ஒன்று, வலிமருந்து. மார்ஃபின் 5 மி.கி. 'தேவைப்பட்டால்' என்று எழுதப்பட்டது. தேவைப்பட்டால் என்றால் நோயாளி கேட்க வேண்டும். இவர் கேட்கவில்லை. தாதிகளுக்குச் சிரமம் தரக்கூடாது, அடிக்கடி கேட்டால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்கள் என்ற அச்சம். முதல் 20 மணி நேரத்தில் மூன்றே ஊசிகள். வலி 10க்கு 8இலேயே நின்றது. ஒருக்களித்துப் படுத்து, விலாவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலோட்டமாக மூச்சுவிட்டபடியே கிடந்தார். மார்ஃபின் கூடினால் மூச்சு மந்தமாகும் என்று எல்லோருக்கும் தெரியும். குறைந்தாலும் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சுருங்கிப்போகும் என்பது அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை.

இரண்டு, சிரைவழி நீர். நெருக்கடி என்றால் நிறைய நீர் ஏற்ற வேண்டும் என்ற பழைய எண்ணத்தில் முதல் 24 மணி நேரத்தில் 3.6 லிட்டர் ஏறிவிட்டது. 54 கிலோ உடம்புக்கு வாய்வழியும் சிரைவழியும் சேர்த்து 2 முதல் 2.5 லிட்டர் போதும். நீர் வற்றியிருந்தால் முதல் சில மணி நேரத்தில் அதை ஈடு செய்துவிட்டு, குடிக்கத் தொடங்கியதும் சொட்டு நீரை நிறுத்திவிடலாம். மிஞ்சிய நீர் நுரையீரலுக்குத்தான் போகும்.

மூன்றாவது விஷயத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மூச்சுப் பயிற்சிக் கருவி, அதாவது உறிஞ்சினால் பந்து மேலே எழும் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி, சேர்க்கப்பட்ட அன்றே கட்டிலருகே வைக்கப்பட்டது. இரண்டாம் நாள் இரவுவரை அது சரியாகப் பயன்படுத்தப்படவில்லை. விளக்கத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. யாரோ காட்டியபோது அவர் குழாயில் ஊதியிருக்கிறார். ஊதினால் பந்து அசையாது. கருவி பழுது என்று நினைத்து உறைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டார். "ஊதாதீங்க தம்பி, இளநீர் உறியற மாதிரி மெதுவா உள்ள இழுங்க, மூணு எண்ணுற வரைக்கும் பிடிங்க" என்று தமிழில் சொன்ன உடனே பந்து எழும்பியது. ஆனால் அதற்குள் 40 மணி நேரம் போய்விட்டது.

இந்தச் சின்னக் கருவியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், 1995இல் வெளியான ஓர் ஆய்வு. நெஞ்சுவலி அல்லது முதுகுவலியோடு வந்த அரிவாள் செல் நோயாளிகளைக் காலை 8 முதல் இரவு 10 வரை இரண்டு மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் பத்து ஆழ்ந்த மூச்சு என்று பழக்கினார்கள். பயிற்சி செய்த 19 மருத்துவமனைச் சேர்க்கைகளில் ஒன்றில்தான் நுரையீரல் சிக்கல் வந்தது. செய்யாத 19 சேர்க்கைகளில் 8இல் வந்தது. சில வெள்ளி விலையுள்ள ஒரு கருவி இவ்வளவு தடுக்கிறது என்றால் அது உறைக்குள் கிடப்பது பொறுக்க முடியாத விஷயம்.

46ஆவது மணி

விடியற்காலை ஆக்சிஜன் செறிவு 89 என்று கருவி ஒலி எழுப்பியது. வெப்பநிலை 38.7. நாடி 128. மூச்சு வேகம் என்று அட்டவணையில் அதற்கு முன் தொடர்ந்து ஆறு முறை '18' என்று எழுதியிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணியபோது 32. மூச்சு வேகத்தை எந்த இயந்திரமும் அளக்காத வார்டுகளில் இந்த '18' ஒரு பழக்கத்தின் பேரில் விழுகிறது. அரிவாள் செல் நோயாளிக்கு எண்ணாமல் எழுதக்கூடாத எண் இதுதான்.

அவர் அரைத் தூக்கத்தில் இருந்தார். மார்ஃபின் மயக்கம், அதை முறிக்கும் நலோக்சோன் கொடுக்கலாமா என்று கேள்வி வந்தது. இந்த இடத்தில் நிதானம் வேண்டும். மார்ஃபின் மூச்சை மந்தமாக்கும், 32க்கு ஏற்றாது. கண்மணியும் ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கவில்லை. ஆகவே மயக்கத்துக்குக் காரணம் ஆக்சிஜன் குறைவாகவோ எலும்பு மஜ்ஜையிலிருந்து மூளைக்குச் சென்ற கொழுப்புத் துகளாகவோ இருக்க வேண்டும். நலோக்சோன் கொடுத்திருந்தால் வலி முழுவதும் ஒரே அடியாகத் திரும்பியிருக்கும்.

வெறும் காற்றில் எடுத்த தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 56 மி.மீ., கரியமில வாயு 34. கணக்குப் போட்டால்: உள்ளிழுக்கும் காற்றின் ஆக்சிஜன் அழுத்தமான 150இலிருந்து 34ஐ 0.8ஆல் வகுத்து வரும் 42.5ஐக் கழித்தால் 107.5. நுரையீரலின் நுண்ணறைகளில் இருக்க வேண்டிய ஆக்சிஜன் அது. ரத்தத்தில் இருப்பது 56. இடைவெளி 51.5, இந்த வயதில் 15க்குள் இருக்க வேண்டும். மூச்சு மந்தத்தால் ஆக்சிஜன் குறைந்திருந்தால் கரியமில வாயு ஏறியிருக்கும், இடைவெளி பெருகியிருக்காது. கோளாறு நுரையீரலில்தான் என்பதை ஒரு சின்னக் கழித்தல் கணக்கு உறுதி செய்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் கருவி இந்த நோயில் சில விழுக்காடு முன்பின்னாகக் காட்டக்கூடும். எஸ் வகை ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எளிதில் விட்டுவிடுவது, சிவப்பணு சிதைவால் கூடும் கார்பாக்சி ஹீமோகுளோபின், மெத்தெமோகுளோபின் எல்லாம் காரணம். சந்தேகம் வந்தால், ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியே அளக்கும் கோ-ஆக்சிமீட்டரில் தமனி ரத்தத்தைப் பார்ப்பதே முடிவு.

மறு எக்ஸ்ரேயில் வலது கீழ்மடல் முழுவதும் வெண்மை. இடது அடியிலும் படர்ந்திருந்தது. ஹீமோகுளோபின் 6.9ஆகச் சரிந்திருந்தது. தட்டணுக்கள் 1,18,000. எல்.டி.எச். 1,480. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 164.

அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம் என்பது இதுதான். இங்கே நெஞ்சகக் கூட்டறிகுறி என்று குறிப்பிடுகிறோம். எக்ஸ்ரேயில் குறைந்தது ஒரு நுரையீரல் கூறு அளவுக்காவது புதிய நிழல், அது வெறும் சுருக்கம் அல்ல; அதனுடன் நெஞ்சுவலி, 38.5க்கு மேல் காய்ச்சல், இருமல், இழுப்பு, மூச்சிரைப்பு இவற்றில் ஏதேனும் ஒன்று. 2000இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு 538 நோயாளிகளின் 671 தாக்குதல்களைப் பின்தொடர்ந்தது. ஏறக்குறைய பாதிப்பேர் வேறு காரணத்துக்காக, பெரும்பாலும் வலிக்காக, மருத்துவமனையில் சேர்ந்தவர்கள். சேர்ந்து சராசரியாக இரண்டரை நாளில் நெஞ்சகத் தாக்குதல் தொடங்கியது. 20 வயதைக் கடந்தவர்களில் 22 விழுக்காட்டினருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. 9 விழுக்காட்டினர் இறந்தனர். முதல் நாள் தெளிவான எக்ஸ்ரே எந்த ஆறுதலும் தராது என்பதற்கு அந்த இரண்டரை நாளே சான்று.

நுரையீரல் ஏன் இலக்காகிறது

உடம்பின் மற்ற உறுப்புகளுக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் போகிறது. நுரையீரல் தமனிக்கு மட்டும் ஆக்சிஜன் இழந்த ரத்தம் போகிறது. எஸ் வகை ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இழந்தவுடன்தான் கோத்துக்கொண்டு நாராகி, அணுவை அரிவாளாக வளைக்கிறது. நல்ல நேரத்தில் அந்த அணு நுண்ணறையை அடைந்ததும் ஆக்சிஜன் கிடைத்து நிமிர்ந்துவிடும். நுண்ணறை சுருங்கியோ, நீரால் நிறைந்தோ, சளியால் அடைபட்டோ இருந்தால் நிமிர வழியில்லை. மேலும், காற்றில்லாத பகுதிக்குச் செல்லும் குழாய்களை நுரையீரல் தானே இறுக்கிக்கொள்ளும். இறுகிய குழாயில் வளைந்த அணு சிக்கும். சிக்கினால் ஆக்சிஜன் இன்னும் குறையும். இன்னும் அணுக்கள் வளையும். ஒன்றை ஒன்று தள்ளிவிடும் இந்தச் சுழல் சில மணி நேரத்தில் ஒரு மடலையே பிடித்துவிடுவது இதனால்தான்.

இவருக்கு இன்னொரு வழியும் இருந்திருக்கிறது. தொடை எலும்பிலும் இடுப்பிலும் மஜ்ஜை செத்தால் அதிலுள்ள கொழுப்புத் துகள்கள் சிரைவழியாக நுரையீரலில் போய்த் தங்கும். அங்கே பாஸ்ஃபோலிப்பேஸ் நொதி அவற்றை உடைத்து, நுண்குழாய்ச் சுவரை அரிக்கும் கொழுப்பமிலங்களை விடும். கடும் எலும்புவலி, இரண்டு நாள் இடைவெளி, ஹீமோகுளோபினும் தட்டணுவும் ஒருசேரச் சரிதல், மயக்கம்: நான்கும் கொழுப்புத் துகளைச் சுட்டின. தட்டணுச் சரிவு நோய் கடுமையாகப் போகிறது என்பதற்கான எச்சரிக்கையும்கூட.

ஆனால் சிங்கப்பூரில் காய்ச்சலும் தட்டணுச் சரிவும் சேர்ந்தால் முதலில் வாயில் வரும் பெயர் டெங்கி. அதற்கான என்.எஸ்.1, ஐ.ஜி.எம். சோதனைகள் இரண்டும் எடுக்கப்பட்டன, இல்லை என்று வந்தது. டெங்கியில் ரத்தம் கெட்டியாகி, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹீமட்டோகிரிட் ஏறும், இவருக்கு இறங்கியது. முடிவு வரும்வரை வலிமருந்தான ஐபுபுரோஃபென் நிறுத்தப்பட்டது. சிறுநீரகத்துக்காகவும் அது சரிதான்.

சிகிச்சை

ஆக்சிஜன் நிமிடத்துக்கு 50 லிட்டர், மிகைவேக மூக்குக் குழாய் வழியாக, 50 விழுக்காடு கலவையில். இலக்கு 95க்குக் குறையாமல். தீவிர கண்காணிப்புப் படுக்கைக்கு உடனே மாற்றம். சிரைவழி நீர் நிறுத்தம். மார்ஃபின் நோயாளியே பொத்தானை அழுத்திப் பெறும் கருவிக்கு மாறியது: ஒரு அழுத்தத்துக்கு 1 மி.கி., பூட்டு நேரம் 10 நிமிடம், தொடர் ஓட்டம் கிடையாது. பாராசிட்டமால் 1 கிராம் ஆறு மணிக்கு ஒருமுறை. மலமிளக்கி முதல் நாளிலிருந்தே வேண்டும். வயிறு உப்பினால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரல் அடி இன்னும் நசுங்கும். பெத்திடின் வேண்டவே வேண்டாம். அதன் கழிவு சேர்ந்து வலிப்பு வரும். பொத்தானை அழுத்துவது தவறில்லை, மருந்துக்கு அடிமையாகிவிடமாட்டீர்கள், முதலாளிக்கு இந்தக் கணக்குப் போகாது என்று மூன்றையும் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

நுண்ணுயிர்க்கொல்லி: செஃப்டாசிடிம் 2 கிராம் எட்டு மணிக்கு ஒருமுறை, கிரிஸ்டலைன் பெனிசிலின், அசித்ரோமைசின் 500 மி.கி. நெஞ்சகக் கூட்டறிகுறிக்குப் பிற நாட்டு நெறிமுறைகள் பெரும்பாலும் செஃப்ட்ரையாக்சோனும் மேக்ரோலைடும் போதும் என்கின்றன. இங்கே செஃப்டாசிடிம் சேர்ப்பதற்குக் காரணம் மெலியாய்டோசிஸ் என்ற தொற்று. இந்த மண்ணில் அந்தக் கிருமி இருக்கிறது. மழையிலும் சேற்றிலும் வேலை பார்த்தவருக்கு, மண்ணீரல் வேலை செய்யாத நிலையில், அதைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது. மைக்கோபிளாஸ்மா, கிளமிடோஃபிலா இரண்டும் இந்தத் தாக்குதலில் அடிக்கடி அகப்படுபவை என்பதால் அசித்ரோமைசின். ரத்த வளர்ப்பு, சளி, காசநோய்க் கிருமி, சுவாச வைரஸ்கள் எல்லாம் பார்க்கப்பட்டன. எதிலும் எதுவும் வளரவில்லை. ஐந்தாம் நாள் செஃப்டாசிடிம் நிறுத்தப்பட்டது. சில மருந்துகளால் சிவப்பணு சிதையாமல் காக்கும் ஜி6பிடி நொதியின் அளவும் எடுக்கப்பட்டது. ஆனால் ரெட்டிக்குலோசைட் மிகுந்த நேரத்தில் அது பொய்யாகச் சரியாக இருப்பதுபோல் காட்டும். இங்கே பிறந்த குழந்தைக்கு 1965 முதல் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். வெளியூரிலிருந்து வந்தவருக்கு அந்தப் பதிவு இருக்காது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது அவசியம்.

நோயை உண்மையில் திருப்பியது ரத்த மாற்றுதான், அதாவது நோயாளியின் ரத்தத்தை எடுத்துவிட்டுக் கொடையாளர் ரத்தத்தை ஏற்றுவது. இரண்டு பக்கமும் பாதிப்பு, ஆக்சிஜன் 56, மயக்கம்: வெறுமனே ஏற்றினால் போதாத நிலை. ஹீமோகுளோபின் 6.9 என்பதால் மாற்றுக் கருவி தயாராகும்வரை ஒரு பை மட்டும் முதலில் ஏற்றப்பட்டது. எஸ் விகிதம் மிகுந்திருக்கும்போது ஹீமோகுளோபினை 10க்கு மேல் ஏற்றிவிடக் கூடாது. ரத்தம் குழம்பாகி மூளைத் தாக்கம் வரும்.

ரத்த வங்கிக்கு அனுப்பும் படிவத்தில் 'அரிவாள் செல் நோய்' என்ற சொற்களை எழுதாவிட்டால் சாதாரணமாகப் பொருந்தும் ரத்தம்தான் வரும். வேண்டியது: ஆர்.எச். வகையின் சி, ஈ ஆன்டிஜென்களும் கெல்லும் பொருந்திய, எஸ் இல்லாத பைகள். முதல் பை ஏறும் முன்பே நோயாளியின் விரிவான ரத்த வகையை எடுத்துவைக்க வேண்டும். ஏறிய பிறகு இரண்டு ரத்தமும் கலந்து தெளிவில்லாமல் போகும். இங்கே தனியாகக் கவனிக்க வேண்டியது மில்டன்பெர்கர் வகை ஆன்டிஜென். சீன, தென்கிழக்காசியக் கொடையாளர்களில் அது குறிப்பிடத்தக்க அளவில் உண்டு; இந்தியரிடம் அரிது. ஆகவே இந்திய நோயாளிக்கு அதற்கு எதிர்ப்பொருள் உருவாக வாய்ப்பிருக்கிறது. அடுத்த முறை ரத்தம் ஏற்றும்போது பரிசோதனைத் தொகுப்பில் அந்த ஆன்டிஜென் உள்ள அணு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

கணக்கு: 54 கிலோவுக்கு மொத்த ரத்தம் சுமார் 3,780 மி.லி. ஹீமட்டோகிரிட் 30இல் முடித்து, எஸ் விகிதத்தை 30க்குக் கீழே கொண்டுவர ஆறு பைகள். தொடைச் சிரையில் அல்ட்ராசவுண்டு பார்த்து இரட்டைக் குழாய். ஓட்டத்தின்போது உதடும் விரல்நுனியும் மரத்தால் அது உறையாமல் வைக்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதன் அடையாளம்; கால்சியம் குளுக்கோனேட் கொடுத்து வேகத்தைக் குறைத்தால் போதும். சுமார் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. எஸ் 22 விழுக்காடு, ஹீமோகுளோபின் 9.8. இரவில் கருவியோ அதை இயக்குபவரோ இல்லையென்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கையால் செய்யலாம்: 500 மி.லி. ரத்தம் எடு, 500 மி.லி. உப்புநீர் ஏற்று, மறுபடி 500 எடு, இரண்டு பை ஏற்று. ஹீமோகுளோபின் 7க்குக் கீழே இருந்தால் எடுப்பதற்கு முன் ஏற்றுவதில் தொடங்க வேண்டும்.

ஸ்டீராய்டு கொடுக்கவில்லை. காய்ச்சலும் வலியும் சட்டென்று தணியும். ஆனால் நிறுத்தியதும் நெருக்கடி திரும்பி, மறுபடி சேர்க்க வேண்டிவரும். சிரைக்கட்டியைத் தடுக்க எனாக்சபாரின் 40 மி.கி. தினமும்.

எட்டு மணி நேரத்தில் மூச்சு வேகம் 24. மறுநாள் காலை தெளிவாகப் பேசினார். நான்காம் நாள் சாதாரண மூக்குக் குழாய், ஆறாம் நாள் வெறும் காற்றில் 95, ஒன்பதாம் நாள் வீடு.

பிறகு

வெளியே அனுப்பும்போது தமிழில் ஓர் அட்டை. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, வலியும் மஞ்சளும் திரும்பினாலோ இரண்டு வாரம்வரை உடனே வர வேண்டும்; ஏற்றிய ரத்தத்தை உடல் தாமதமாகச் சிதைக்கும் எதிர்வினை 5 முதல் 14 நாளுக்குள் வரும், மறுபடி நெருக்கடி என்று எண்ணி இன்னும் ரத்தம் ஏற்றினால் நிலைமை மோசமாகும். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், விலாவில் மூச்சுப் பிடிப்பு, படியேறினால் முன்பில்லாத இரைப்பு: மூன்றில் எது வந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்க வேண்டும்.

எஃப் வகை ஹீமோகுளோபினைக் கூட்டும் ஹைட்ராக்சியூரியா தினம் 500 மி.கி., அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய 10 மி.கி. இந்திய நோயாளிகளில் இந்தக் குறைந்த அளவே நன்றாக வேலை செய்வதைக் கண்டிருக்கிறார்கள். 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இந்த மருந்து நெஞ்சகத் தாக்குதலுக்கு ஆளானோர் எண்ணிக்கையைப் பாதியாக்கியது. இரண்டு வாரத்தில் ஒருமுறை அணு எண்ணிக்கை, நிலைத்த பிறகு இடைவெளியைக் கூட்டலாம். விந்தணு எண்ணிக்கை குறையக்கூடும் என்பதைத் திருமணமாகாத இளைஞரிடம் முன்பே சொல்ல வேண்டும். கூச்சத்தால் அவர் கேட்கமாட்டார், பின்னால் தானாகத் தெரிந்தால் மருந்தையே நிறுத்திவிடுவார். நியூமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப், ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசிகள். பெனிசிலின் மாத்திரை.

இங்கே பணம் ஒரு தடை. 2023 ஜூலை முதல் வேலை அனுமதி அட்டை உள்ளவருக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி காப்புறுதி எடுத்தாக வேண்டும். அது உள்நோயாளிச் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைக்கும். ஆயுளுக்கும் வேண்டிய புறநோயாளி மருந்து அந்தக் கட்டாயத்துக்குள் வராது. தீவிர சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கில் செலவாகிறது, அதைத் தடுக்கும் மாத்திரைக்கு வழியில்லை என்ற நிலை மனத்தை உறுத்துகிறது. வெளியே அனுப்பும் நாளிலேயே மருத்துவ சமூகப் பணியாளரைச் சந்திக்க வைத்து, மூன்று மாத மாத்திரையை உறுதி செய்த பிறகே அனுப்ப வேண்டும்.

வேலை பற்றி முதலாளிக்குத் தரும் கடிதத்தில் நோயின் பெயரை நோயாளியின் சம்மதமின்றி எழுதக்கூடாது. கட்டுப்பாடுகளை மட்டும் எழுதினால் போதும். கப்பலின் எண்ணெய்த் தொட்டி, அடைபட்ட அறை எதற்குள்ளும் இறங்கக்கூடாது. அங்கே ஆக்சிஜன் 19.5 விழுக்காடு இருந்தால் மற்றவர்க்கு அனுமதி. இவருக்கு அந்த ஓரம் போதாது. ஈரக்குமிழ் வெப்பக் குறியீடு 32 டிகிரியைத் தொட்டால் கடும் வேலைக்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வு என்பது மனிதவள அமைச்சின் விதி. இவருக்கு அந்த நேரத்தில் வெயில் வேலையே வேண்டாம். நனைந்தால் உடனே உலர்ந்த உடை. புகைமூட்ட மாதங்களில் வெளிவேலை தவிர்ப்பு.

மூன்றாம் மாதச் சோதனையில் மூச்சுக் கொள்ளளவு எதிர்பார்ப்பில் 71 விழுக்காடு, சுருங்கிய நுரையீரலின் அமைப்பு. 310 வளர்ந்த நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்கு இப்படி ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. ஆகவே இது வியப்பன்று, ஆனால் இனி ஒப்பிடுவதற்கான அடிக்கோடு. வாயுப் பரிமாற்ற அளவை ஹீமோகுளோபினுக்கு ஏற்பத் திருத்திப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தசோகையே நுரையீரல் நோய்போல் தெரியும். தாக்குதலின்போது இதய எக்கோவில், நுரையீரல் தமனி அழுத்தத்தைக் காட்டும் வலப்புற வால்வின் பின்னொழுக்கு வேகம் விநாடிக்கு 3.1 மீட்டர் இருந்தது, இப்போது 2.4. தாக்குதல் நேரத்து எண்ணை வைத்து நுரையீரல் ரத்த அழுத்த நோய் என்று முத்திரை குத்தக்கூடாது. நிலையான காலத்திலும் 2.5க்கு மேல் நின்றால் ஆறு நிமிட நடை, இதயச் சுமையைக் காட்டும் என்.டி. புரோ பி.என்.பி. ரத்தச் சோதனை, தேவையானால் இதய வடிகுழாய்ச் சோதனை. எக்கோவில் உயர்ந்து காணும் நால்வரில் ஒருவருக்கே வடிகுழாயில் நோய் உறுதியாகிறது.

பொங்கலுக்கு ஊர் போக விமானத்தில் ஏறலாமா என்று கேட்டார். நெருக்கடி முடிந்து பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். இவருக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது, வெறும் காற்றில் 97. விமான அறையின் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமம். ஊட்டி அதே உயரம்தான், அங்கே ஒவ்வொரு முறை போனபோதும் கால் வலித்ததாக இப்போதுதான் நினைவுகூர்ந்தார். கோயம்புத்தூருக்கு நாலரை மணி நேரம். நடைபாதை ஓர இருக்கை, மணிக்கொருமுறை ஒரு குவளை தண்ணீர், ஒரு நடை, குளிருக்கு ஸ்வெட்டர், கைப்பையில் மாத்திரையும் அட்டையும். ஊரில் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லி அனுப்பினோம். 2023இல் தொடங்கிய இந்திய அரசின் அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில் தமிழ்நாடும் இருக்கிறது. 40 வயது வரை உள்ளவர்களுக்கு அதில் பரிசோதனை உண்டு.